அலுவலகத்தில் சிலேடை: பழகிக்கொள்ள முடியுமா, எங்கே நிறுத்த வேண்டும்?

கேள்வி
எழுதியவர்: பேரேடு

வணக்கம். மதுரையில் கீழமாசி வீதியை ஒட்டிய சந்தொன்றில் இருக்கும் தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கராக வேலை பார்க்கிறேன். எங்களிடம் கணக்குக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பருப்பு, புளி, மிளகாய் வற்றல், மல்லி என்று மூட்டை மூட்டையாக விற்கும் மளிகை மொத்த வணிகர்கள். அவர்களில் வயதில் மூத்தவர்கள் இன்றும் பற்று, வரவு, இருப்பு, நிலுவை என்றே பேசுவதால், கணினியில் நாங்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பதிந்தாலும் அலுவலகப் பேச்சில் அந்தத் தமிழ்ச் சொற்கள் அப்படியே தங்கிவிட்டன. என் கேள்வி அந்தச் சொற்களைப் பற்றியதுதான்.

எங்கள் அலுவலகத்தில் ஓயாமல் சிலேடை ஓடும். மாதந்தோறும் தாக்கல் செய்கிற வணிகர்களுக்குச் சரக்கு சேவை வரியின் விற்பனை விவரம் 11ஆம் தேதிக்குள்ளும் வரிப் படிவம் 20ஆம் தேதிக்குள்ளும் ஏற வேண்டும் என்பதால், அந்த இரண்டு தேதிகளையும் ஒட்டிய நாள்களில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. ஆனால் சிலேடை மிகுதியாக வருவதும் அந்த நாள்களில்தான். ஒரு வணிகருக்கான கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த அக்காவிடம், "எத்தனை வரி வந்திருக்கிறது?" என்று தணிக்கையாளர் கேட்டார். "பதினெட்டு விழுக்காடு, ஐயா" என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். கிடங்கு இருப்பைச் சரிபார்க்கப் போய்விட்டு வந்த அண்ணன் ஒருவர், மூட்டைகள் வாசல்வரை அடுக்கப்பட்டிருந்ததை, "அந்தக் கடைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை" என்ற ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். தமிழ் இளங்கலை படித்துவிட்டு எங்களிடம் கணக்கு எழுத வந்த தம்பி, வருகைப் பதிவேட்டின் அட்டையில் "வரவு செலவு" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். காலையில் வருவது வரவு, மாலையில் செல்வது செலவு என்பது அவர் கணக்கு. மாலை ஆறு மணிக்குப் பையைத் தோளில் மாட்டியவரைத் தணிக்கையாளர் கூப்பிட்டு இன்னொரு கோப்பைக் கொடுத்தால், "செலவழுங்கல்" என்று அவர் மெல்லச் சொல்வார். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியின் முகத்தைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போடுவதற்குப் பாலைத் திணையில் உள்ள பெயர் அது என்று அவர் விளக்கிய பிறகு, இப்போது எல்லோரும் அதையே சொல்கிறோம்.

இவை எல்லாம் எனக்கு உடனே புரிகின்றன. யாருக்கும் முன்னால் நான்தான் சிரிப்பேன். ஆனால் என் வாயிலிருந்து ஒன்றுகூட வருவதில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், தெப்பக்குளம் தாண்டும்போது, காலையில் சொல்லியிருக்க வேண்டியது தோன்றும். இதைப் பழகிக்கொள்ள வழி இருக்கிறதா, அல்லது பிறவியிலேயே வருவதா என்பது முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி சற்றுச் சங்கடமானது. எங்கள் தலைமை எழுத்தர் அறுபதை நெருங்குபவர்; அவரும் சிலேடை பேசுபவர்தாம், இன்னும் சொல்லப்போனால் மற்றவர்களுக்கு அவர்தான் வழிகாட்டி. சில வாரங்களுக்கு முன் அவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். "இப்போதுதான் இவர் உண்மையிலேயே தலைமை எழுத்தர்" என்று உடன் வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். 'தலை'க்கும் 'மை'க்கும் நடுவே ஒரு நொடி நிறுத்தியும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், தலைமை எழுத்தரும் சிரித்தார். ஆனால் அன்று முதல் அவர் வேலை தொடர்பானதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. அவர் பேசாததால் மற்றவர்களும் தயங்குகிறார்கள். சொன்னவருக்குத் தீய எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். இதை எப்படிச் சரிசெய்வது? அல்லது சரிசெய்ய முயலாமல் விட்டுவிடுவதுதான் நல்லதா?

மறுமொழி 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர்

சிம்மக்கல் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் நெடுங்காலம் பிழை திருத்தியவன் என்பதால், உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எழுதத் தோன்றியது. பிழை இருந்தால்தான் எனக்குப் பிழைப்பு என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அதை நான் மறுக்கவும் முடியவில்லை. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், தலைப்பில் தவறு இருக்கிறது என்று நான் மெய்ப்பைத் திருப்பிக் கொடுத்தால், அச்சுக் கோப்பவர் எழுத்துகளைப் பிடுங்கி மாற்றியபடியே, "தலையெழுத்தை யாராலும் மாற்ற முடியாது என்கிறார்கள், இங்கே ஐந்து நிமிடத்தில் மாற்றித் தருகிறோம்" என்பார்.

இந்த இரண்டையும் உங்கள் அலுவலகத்து "இருப்புக் கொள்ளவில்லை" என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நல்ல சிலேடையின் இலக்கணம் ஒன்று பிடிபடும். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது மட்டும் போதாது. அந்த இரண்டு பொருளும் சொல்லப்படுகிற அந்த நேரத்தில், அந்த இடத்தில், ஒருசேர உண்மையாக இருக்க வேண்டும். கிடங்கில் சரக்கு அடங்கவில்லை என்பதும் உண்மை, அதனால் கடைக்காரர் நிலைகொள்ளாமல் தவிக்கிறார் என்பதும் உண்மை. ஒரு பொருள் உண்மையாகவும் மற்றது வெறும் ஒலி ஒற்றுமையாகவும் இருந்தால், கேட்பவர் சிரிப்பார். ஆனால் அடுத்த நாள் நினைவில் வைத்திருக்க மாட்டார்.

எடுத்துக்காட்டாக, எல்லா அலுவலகங்களிலும் சுற்றிவருகிற ஒன்றைச் சொல்கிறேன். "அந்தக் கோப்பை எடுத்து வாருங்கள்" என்றால் தேநீர்க் கோப்பையோடு வந்து நிற்பது. கோப்பு என்பதோடு ஐ சேர்ந்தாலும் கோப்பை, தேநீர் குடிப்பதும் கோப்பை. காலை பத்தரை மணிக்கு இதைச் செய்தால் வெறும் குறும்பு. மாலை நான்கு மணிக்கு, தேநீர் வர வேண்டிய நேரம் தாண்டி எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்தால், அதுவே அருமையான சிலேடையாகிவிடும், ஏனென்றால் கேட்டவருக்கு உண்மையிலேயே இரண்டும் வேண்டியிருக்கிறது. சொல் மாறவில்லை, நேரம்தான் மாறியிருக்கிறது.

தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே பல பொருள் தந்தால் செம்மொழி. ஒரு வகையில் பிரித்தால் ஒரு பொருளும் வேறு வகையில் பிரித்தால் வேறு பொருளும் தந்தால் பிரிமொழி. உங்கள் அக்காவின் வரி செம்மொழி. மேலே சொன்ன கோப்பை பிரிமொழி. காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடியபோது, "பிண்ணாக்கும் உண்டாம்" என்றது எள்ளுக்குச் செக்கில் ஆட்டியபின் மிஞ்சும் பிண்ணாக்காகவும், பாம்புக்குப் பிளந்த நாக்காகவும் நிற்கிறது, அதுவும் பிரிமொழிதான். இந்தப் பாகுபாட்டை நான் புலமை காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பழகத் தொடங்குபவருக்குச் செம்மொழி எளிது, பிரிமொழி கடினம் என்பதற்காகச் சொல்கிறேன். பிரிமொழிக்குக் காது வேண்டும். செம்மொழிக்கு உங்கள் மேசையில் கிடக்கிற சொற்களே போதும்.

அந்தச் சொற்கள் உங்களுக்குக் கிடைத்திருப்பது பெரிய வாய்ப்பு. கணக்குத் துறையைப் போலப் பல பொருள் ஒருசொற்கள் குவிந்து கிடக்கும் தொழில் தமிழில் குறைவு. 'படி' என்ற ஒரு சொல்லை மட்டும் பாருங்கள்: நகலும் படி, அளவையும் படி, பயணத்துக்குத் தருவதும் படி, ஏறுவதும் படி, வாசி என்பதும் படி, விதியின்படி என்பதிலும் படி. 'பற்று' என்பது கணக்கில் ஒன்று, துறவிக்கு ஒன்று, தெருமுனைத் தேநீர்க் கடையில் மாதச் சம்பளம் வரும்வரை எழுதிவைக்கும் ஒன்று. "பற்றை விட்டால்தான் வீடு" என்று தத்துவம் பேசியபடியே எங்கள் அச்சக உரிமையாளர் தேநீர்க் கடைப் பாக்கியைத் தீர்த்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவர் அப்போது உண்மையிலேயே வீடு கட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தார். 'திங்கள்' என்பது நிலவு, மாதம், கிழமை என்று மூன்றாக நிற்கிறது. "திங்கள்தோறும் சம்பளம் என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறதே" என்று சொல்லித் திங்கட்கிழமைதோறும் காசாளரின் மேசைக்கு முன் போய் நிற்பவர் ஒருவர் எங்களிடம் இருந்தார்.

ஆகவே, என் ஆலோசனை இது. ஒரு பழைய குறிப்பேட்டில் உங்கள் தொழிலில் நாளும் புழங்கும் சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் தொழிலுக்கு வெளியே உள்ள பொருளைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் எதையும் சொல்ல முயலாதீர்கள். தருணத்தை நீங்கள் உண்டாக்கப் பார்த்தால் கேட்பவர்களுக்கு அது தெரிந்துவிடும். வலிந்து கொண்டுவந்த சிலேடையைப் போல ஓர் அறையை விரைவில் ஓயச் செய்வது வேறில்லை. இரண்டு பொருளும் ஒருசேர உண்மையாகும் தருணம் தானாக வரும்போது சொல் நாக்கின் நுனியில் இருக்கும். சொன்னபின் விளக்காதீர்கள், யாராவது சிரித்தார்களா என்று சுற்றிப் பார்க்காதீர்கள். உங்கள் அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்று எழுதினீர்களே, அதில்தான் அவருடைய கைத்திறன் முழுவதும் இருக்கிறது.

பிறவியிலேயே வருவதா என்று கேட்டீர்கள். மதுரையில் பிறந்தால் ஓரளவு வந்துவிடும் என்றே சொல்வேன். சோற்று மலையைத் தின்று தீர்த்த குண்டோதரனுக்குத் தாகம் அடங்காமல் போக, இறைவன் "வை கை" என்று சொன்னதால் ஆறு பிறந்தது என்று திருவிளையாடல் கதை சொல்கிறது. ஆற்றின் பெயருக்கே பிரிமொழிச் சிலேடையில் கதை சொன்ன ஊர் இது. 1977இல் மதுரைக்கும் சென்னைக்கும் இடையே வைகை விரைவு ரயில் வந்ததும் வேலை இன்னும் எளிதாகிவிட்டது. "வைகையில் தண்ணீர் வருகிறதா?" என்று வெளியூர்க்காரர் கேட்டால், "வருகிறது, பாட்டிலில்" என்று சொல்லாத மதுரைக்காரரை நான் பார்த்ததில்லை. வருத்தமும் கலந்த நகைச்சுவை அது. இரண்டு பொருளும் உண்மை என்பதுதான் காரணம்.

இப்போது தலைமை எழுத்தர். அந்தச் சிலேடை அமைப்பில் குறையே இல்லாதது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தலைமையும் உண்மை, தலையில் மையும் உண்மை. சிக்கலும் அதிலேயே இருக்கிறது. வரி, இருப்பு, பற்று ஆகியவற்றைக் கொண்டு செய்ததெல்லாம் வேலையின் மீது விழுந்தது. வேலை எல்லோருக்கும் பொதுவான சுமை, அதைக் கேலி செய்தால் சுமக்கிற எல்லோருக்கும் இலேசாகும். இது ஒருவருடைய உடம்பின் மீது விழுந்துவிட்டது. அதிலும், வயது தெரியக் கூடாது என்று அவர் செய்துகொண்ட ஒன்றின் மீது விழுந்திருக்கிறது. அச்சகத்தில் எங்களுக்குள் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது: ஒருவருடைய தோற்றத்தையோ பெயரையோ வைத்து முதல் சிலேடையைச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. அவர் தாமே தொடங்கினால் மற்றவர்கள் தொடரலாம். அவர் தொடங்காதவரை அந்தச் சொல்லை யாரும் தொடுவதில்லை.

சரிசெய்வதற்கு, சொன்னவர் தனியாகப் போய்ப் பேச வேண்டும். சிலேடையாலேயே சமாதானம் செய்ய முயன்றால், அதாவது "கருத்து வேறுபாடு வேண்டாம்" என்று 'கருத்து'வில் அழுத்தம் கொடுத்து எதையாவது சொன்னால், நிலைமை இன்னும் கெட்டுவிடும். அந்த ஆசை வரும். அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மறுமொழி 2
எழுதியவர்: விளக்குத்தூண் துணிக்கடை

மேலே ஐயா எழுதியதில் எனக்கு முழு உடன்பாடு. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்: உள்ளே பேசுவது வேறு, வாடிக்கையாளர் முன்னால் பேசுவது வேறு.

நான் துணிக்கடையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆடி மாதத்தில் எங்கள் தளத்தில் நின்று பார்த்தால், 'ஆடித் தள்ளுபடி' என்று விளம்பரப் பலகையில் எழுதியிருப்பது கூட்டத்தின் நிலையைத்தான் சொல்கிறது என்று தோன்றும். ஆடி, தள்ளி, படியேறித்தான் மேல்தளத்துக்கு வர வேண்டியிருக்கிறது. சேலைப் பிரிவில் இரண்டு குடும்பங்கள் ஒரே சேலையைப் பிரித்துக் காட்டச் சொல்லி நின்றால், "முந்தி வந்தவர்களுக்கு முந்தியைக் காட்டு" என்று மூத்த விற்பனையாளர் குரல் கொடுப்பார். அது கேலியாகவும் இருக்கும், யாருக்கு முதலில் காட்டுவது என்ற தீர்ப்பாகவும் இருக்கும். காலை முதல் இரவுவரை நின்றே வேலை செய்கிற எங்களுக்கு, கால்வலியை மறக்க இதைவிட மலிவான மருந்து கிடைக்கவில்லை.

ஆனால் ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து கல்யாணத் துணி எடுக்க வந்த குடும்பம், ரவிக்கைகளைத் தைக்கக் கொடுத்துவிட்டு, எங்கே எப்போது வாங்கிக்கொள்வது என்று கேட்டது. எங்கள் தையல் பிரிவு தெற்குமாசி வீதியில் இருக்கிறது. விற்பனையாளர் வழக்கம்போல, "மாசியில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "தையில் கல்யாணம், மாசியில் ரவிக்கையா?" என்றார். எங்கள் ஆளுக்கு அப்போதாவது விளக்கத் தோன்றியிருக்க வேண்டும். அவரோ, "தைக்கத்தானே கொடுத்தீர்கள், தையில்தான் முடியும்" என்று சொல்லிவிட்டார். எனக்கே சிரிப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை. அந்த அம்மா துணியைத் திரும்பக் கேட்டபோதுதான் நான் நடுவில் புகுந்து, மாசி என்பது தெருவின் பெயர், நாளை மறுநாள் மாலையே கிடைத்துவிடும் என்று சொல்லி அமைதிப்படுத்தினேன்.

மதுரைக்காரர்களுக்கு இது கேலியாகவே தோன்றாது. மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகளுக்கு மாதங்களின் பெயர் இருப்பதால், சித்திரையிலிருந்து ஆவணிக்குச் சில நிமிடங்களில் நடந்துவிடுகிறோம். நாட்காட்டிக்குத்தான் நான்கு மாதம் தேவைப்படுகிறது. வெளியூரிலிருந்து வருபவருக்கு இந்த அறிவு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு பொருளும் தெரிந்தவருக்குத்தான் சிலேடை. ஒன்று மட்டும் தெரிந்தவருக்கு அது தவறான தகவல். பணம், தேதி, அளவு இந்த மூன்றையும் சொல்லும்போது வாடிக்கையாளரிடம் நேராகப் பேச வேண்டும் என்று அதன்பின் எங்கள் பிரிவில் வழக்கமாக்கிக்கொண்டோம். கணக்கர் அலுவலகத்தில் இது இன்னும் முக்கியம் அல்லவா? "உங்கள் கோப்பு மாசியில் இருக்கிறது" என்று ஒரு வணிகரிடம் சொல்லிப் பாருங்கள்.

மல்லியையும் கவனமாகக் கையாளுங்கள். உங்கள் வணிகருக்கு மல்லி என்றால் மூட்டை, பூக்கடைக்காரருக்கு மல்லி என்றால் முழம்.

மறுமொழி 3
எழுதியவர்: பதிவறைக்காரன்

இந்த இழையில் எல்லோரும் சிலேடையின் பக்கமே நிற்பதால், மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

நான் முன்பு வேலை செய்த இடத்தில், மேலதிகாரி சிலேடைக்குப் பெயர் பெற்றவர். என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். உசிலம்பட்டிப் பக்கத்தில் குலதெய்வக் கோவிலில் விழா, தாய்மாமன் சீர், கிடாவெட்டு என்று எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. "ஐயா, மகளுக்குக் காதுகுத்து, இரண்டு நாள் விடுப்பு வேண்டும்" என்று போய் நின்றேன். "எனக்கே காது குத்துகிறாயா? விடுப்பா" என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது 'விடுப்பா?' என்ற கேள்வியா, 'விடு அப்பா' என்ற மறுப்பா என்று எனக்குப் புரியவில்லை; சிரிப்புக்கு நடுவில் திரும்பக் கேட்கவும் முடியவில்லை. தாளில் கையெழுத்து விழவில்லை. சம்பளப் பிடித்தத்தோடுதான் அந்த விழாவுக்குப் போனேன்.

மொழிநுட்பமாகப் பார்த்தால் ஒரே மூச்சில் இரண்டு சிலேடை. பிழைதிருத்துநர் ஐயா சொன்ன இலக்கணத்துக்கும் ஏறக்குறையப் பொருந்தும். ஆனால் கேட்டதைக் கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர் கொடுக்காமல் சிலேடை சொன்னால், அது விளையாட்டு ஆகாது. சமமானவர்களுக்கு இடையில் பந்து திரும்பி வரும். மேலிருந்து எறிந்தால் கீழே இருப்பவர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் தலைமை எழுத்தர் விஷயத்தில் கீழே இருப்பவர் மேலே எறிந்தார் என்பது உண்மை. ஆயினும் அறையில் பலர், அவர் ஒருவர். எண்ணிக்கையும் ஒரு வகை அதிகாரம்தான். அவர் சிரித்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அன்று நானும்தான் சிரித்தேன்.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: பேரேடு

மூவருக்கும் நன்றி. முதல் சிலேடையின் உரிமை அவரவருக்கே என்ற வழக்கத்தை உடன் வேலை செய்பவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனியாகப் போய்ப் பேசுகிறேன் என்றார். வணிகர்களிடம் தேதியை நேராகச் சொல்ல வேண்டும் என்பதை இனி நானும் கவனிக்கிறேன், ஏனென்றால் எங்களுக்கும் மாசி வீதியில்தான் ஆவண அறை இருக்கிறது.

பிழைதிருத்துநர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியபோது, வேலை, வேளை என்று ஓர் இணையும், கரை, கறை என்று ஓர் இணையும் வந்தன. "மூன்று வேளையும் வேலை" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். இதைச் சிலேடை என்று சேர்க்கலாமா? அச்சுப்பொறி, மெயில் போன்ற ஆங்கிலச் சொற்களுக்கு நடுவில்தான் நாள் முழுவதும் இருக்கிறோம். அவற்றை வைத்துச் சொல்வதும் இதில் அடங்குமா?

மறுமொழி 4
எழுதியவர்: ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர்

"மூன்று வேளையும் வேலை" என்பதில் இரண்டு சொற்கள் வெளிப்படையாகவே நிற்கின்றன. ஒரு சொல் இரண்டு பொருளைத் தாங்கவில்லை. ஆகவே அது ஓசை இன்பம், சிலேடை அன்று. கரை, கறை இணை வேறு வகை. பேச்சில் ரகரத்தையும் றகரத்தையும் நம்மில் பெரும்பாலோர் ஒன்றுபோலவே ஒலிப்பதால், "வேட்டியில் கரை நன்றாக இருக்கிறது" என்று குழம்பு சிந்திய வேட்டியைப் பார்த்துச் சொன்னால் காதுக்கு அது சிலேடையேதான். எழுதினால் ஏதேனும் ஓர் எழுத்தைத் தேர்ந்தாக வேண்டும்; தேர்ந்தவுடன் மற்றப் பொருள் போய்விடும். ழகரத்தை ளகரமாக ஒலிக்கிற நம் ஊர் வழக்கத்தை நம்பிச் சொல்லப்படுபவற்றுக்கும் இதே கதிதான். எனவே குறிப்பேட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: வாயால் மட்டும் சொல்லக்கூடியவை ஒரு பக்கம், வாட்ஸ்அப்பில் எழுதக்கூடியவை மறுபக்கம். இரண்டாவது பத்தி எப்போதும் சிறியதாகவே இருக்கும்.

ஆங்கிலச் சொற்களைத் தாராளமாகச் சேர்க்கலாம். புலவர்கள் என்ன சொல்வார்களோ, நான் தடை சொல்ல மாட்டேன். என் பேரன் வேலை செய்யும் இடத்தில், "அச்சுப்பொறியில் ஜாம்" என்று ஒருவர் கத்தினால், "பன்னும் பட்டரும் கீழே தேநீர்க் கடையில் இருக்கின்றன" என்று இன்னொருவர் பதில் சொல்வாராம். தாள் சிக்கியதால் வேலை நின்று, தேநீர் குடிக்கப் போக எல்லோருக்கும் காரணமும் கிடைத்துவிடுகிறது என்பதால் அது தேறிவிடுகிறது. "மெயில் வரவில்லை" என்பவரிடம் "திருப்பரங்குன்றத்தில் போய்ப் பாருங்கள், மயில் நிறைய நிற்கும்" என்பது அந்த அளவுக்குத் தேறாது, கேட்டவருக்கு மயில் தேவையில்லை.

தலைமை எழுத்தரிடம் பேசப் போகிறவருக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். 20ஆம் தேதிக்கு முன்னால் போக வேண்டாம். படிவங்கள் எல்லாம் ஏறி முடிந்தபின், 21ஆம் தேதி காலையில், அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பேசட்டும்.